மூன்றாம் முறை வந்த முகம்

ஜோவிதாவின் கடை நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார்ந்து முகத்தைக் காட்டாதவர்கள் காரைக்காலில் குறைவு. பாரதியார் வீதியை ஒட்டிய சந்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் போட்டோ கடை வைத்திருக்கிறாள். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு, ரேஷன் கார்டுக்கு, வெளிநாட்டு வேலைக்கு, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்குக் கொன்சுலா என்கிற பிரெஞ்சுத் தூதரகம் கேட்கிற மாதிரி இரண்டு காதும் நெற்றியும் தெரிய, என்று எல்லாப் படமும் அவள் கையால்தான். கடைத்தெருவில் நடந்தால் பெயர் தெரியாத ஆட்களின் முகமெல்லாம் அவளுக்குத் தெரியும். இவருக்கு வலது புருவம் ஒரு நூல் ஏறியிருக்கும், இந்த அம்மாளுக்குச் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் என்று மனசுக்குள் ஓடும்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு டைப்பிங்குக்குப் போகாமல் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள் அவள். ஒரு ஸ்டுடியோவில் படம் திருத்தும் வேலைக்குச் சேர்ந்து, ஆரோக்கியஜோசப்பைக் கட்டிக்கொண்டு, அவர் பள்ளிக்கூட வேன் ஓட்ட, இவள் தனிக்கடை போட்டாள். ஒரே மகள் சலோமி புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். பெரிய குறை என்று சொல்ல எதுவும் இல்லாத வாழ்க்கை.

கடைக்கு வருகிற வேலைகளில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுதான். யாராவது இறந்துபோனால், வீட்டுக்காரர்கள் அழுத கண்ணோடு வந்து நிற்பார்கள். கையில் இருப்பது வாக்காளர் அட்டையின் மங்கல் படமாக இருக்கும், இல்லையென்றால் ஏதோ கல்யாண குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் அரிசி அளவுக்கு ஒரு தலை. "இதைப் பெரிசாக்கி ஃபிளக்ஸுக்கும் ஃபிரேமுக்கும் குடுங்கக்கா" என்பார்கள். பெரிசாக்கினால் முகம் சதுரம் சதுரமாக உடைந்து போகும். "வேற படம் இல்லையா?" என்று கேட்க அவளுக்கே கூச்சமாக இருக்கும். இருந்தால் கொண்டுவந்திருக்க மாட்டார்களா?

இரண்டு வருடத்துக்கு முன்னால் லீவுக்கு வந்த சலோமிதான் அந்த ஏ.ஐ. மென்பொருளைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்தாள். மங்கலான படத்தை உள்ளே போட்டு ஒரு பட்டனை அழுத்தினால், முக்கால் நிமிடத்தில் கண்ணிமை முடி வரைக்கும் தெரிகிற படமாக வெளியே வந்தது. ஜோவிதா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதலில் அதில் செய்துகொடுத்தது அம்பகரத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு. மூன்று பெண்கள், அம்மா இறந்த இரண்டாம் நாள். படத்தைத் திரையில் பார்த்ததும் மூத்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரிண்டை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது கடைசிப் பெண் மட்டும் திரும்பி நின்றாள்.

"அம்மாவுக்கு மேல் பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சிருக்கும்கா. இதுல முழுசா இருக்கே."

"அதுவும் நல்லதுக்குத்தான், வா" என்று அக்காக்காரி இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் போன பிறகு ஜோவிதா பழைய படத்தைத் திறந்து வாய் இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான்கு சதுரங்கள் இருந்தன. இரண்டு கறுப்பு, இரண்டு பழுப்பு. அதில் பல்லே இல்லை. அப்படியானால் அந்தப் பல் எங்கிருந்து வந்தது? கேள்வி வந்தது; கூடவே பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு ஆளும் வந்துவிட்டார். அவள் அந்தப் படத்தை மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் முந்நூறு முகங்களுக்கு மேல் செய்திருப்பாள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து, போலகத்திலிருந்து, நாகூரிலிருந்துகூட ஆள் வந்தது. ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த ஆரோக்கியஜோசப், திரையில் வரிசையாக நின்ற இறந்தவர்களின் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா ஜோவி, எல்லாரும் ஒரே மாதிரி பாக்குறாங்க?"

"வெளிச்சம் அப்படி" என்றாள் அவள். அவர் போன பிறகு, சாப்பாட்டைத் திறக்காமல் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தாள்.

போன பிப்ரவரியில் அமிர்தலிங்கம் கடைக்கு வந்தார். திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். அறுபதை நெருங்குகிற ஆள். கூடவே மனைவி கனகம். அவர்களுக்குப் பின்னால் நான்கு ஆண்கள் படியிலேயே நின்றுகொண்டார்கள்.

"படகைக் கொளுத்திட்டாங்கம்மா" என்றார் அவர். நாலு நாளைக்கு முன்னால், விடியும் நேரத்தில், கரையில் ஏற்றி வைத்திருந்த படகு எரிந்துவிட்டது. இன்ஜினும் வலையும் அதோடு போயின. போலீஸ் வந்து பார்த்தது. பேட்டரி வயரில் தீப்பிடித்ததா, யாராவது வைத்ததா, சொல்ல முடியவில்லை என்றது. ஆனால் காதர் பாட்சாவின் ஐஸ் பிளான்ட் சுவரில் ஒரு கேமரா இருக்கிறது. தீ தெரிவதற்குக் கால் மணி முன்னால் ஒரு ஆள் அந்த வழியாகக் கரைப்பக்கம் நடந்து போவது அதில் விழுந்திருந்தது.

அமிர்தலிங்கம் தன் போனை நீட்டினார். கேமராவின் திரையைச் செல்போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறி வந்த படம். சாம்பல் நிறத் தெரு, ஓரத்தில் ஒரு ஆள். சட்டை வெளுப்பு. கழுத்துக்கு மேலே ஒரு மங்கல்.

"ஸ்டேஷன்ல இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. நீங்கதான் செத்தவங்களையே உசுரோட கொண்டாந்து நிறுத்துறீங்களாமே. இந்த மூஞ்சிய எடுத்துக் குடுங்க."

ஜோவிதா தயங்கினாள். அதுவரை செய்ததெல்லாம் யார் முகம் என்று தெரிந்த படங்கள். இது தெரியாத முகம். வித்தியாசம் அவளுக்கு உறைத்தது, சொல்லத் தெரியவில்லை. பெருமையும் கொஞ்சம் இருந்தது என்பதைப் பின்னால் அவளே ஒத்துக்கொண்டாள். ஒரு ஊரே வந்து படியில் நிற்கிறதே.

படத்தை உள்ளே போட்டாள். முக்கால் நிமிடம். ஒரு முகம் வந்தது. ஒடுங்கிய முகம், மீசை இல்லை, முப்பது வயது இருக்கலாம்.

கனகம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது யாரு? நம்ம பக்கத்து ஆளு இல்லையே."

"இன்னொருக்கா போட்டுப் பாருங்கம்மா" என்றார் அமிர்தலிங்கம்.

பட்டனை மறுபடி அழுத்தினாள். இன்னொரு முகம் வந்தது. வயசான ஆள், கன்னம் தொங்கியிருந்தது. படியில் நின்றவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரே படம் இரண்டு தடவையில் இரண்டு ஆளாக வருகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். விரல் மூன்றாம் முறையும் அழுத்தியது.

அகலமான முகம். அடர்ந்த மீசை. பக்கவாட்டில் வகிடெடுத்த முடி.

அமிர்தலிங்கம் நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்தது அவள் தோளில் இடித்தது. "அன்பழகன்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. படியில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். "அவன்தான். மீசையப் பாரு." "நான் அன்னிக்கே சொன்னேன்ல." கனகம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, இது கம்ப்யூட்டர் கொஞ்சம் தானாவும் போட்டுக்கும்" என்றாள் ஜோவிதா. அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. விழும்படி அவள் சொல்லவும் இல்லை. ஐந்து பிரிண்ட் கேட்டார்கள். எடுத்துக்கொடுத்தாள். படத்தைப் போனுக்கும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே அந்த முகம் அவளுடைய போனுக்கே திரும்பி வந்தது. சலோமியின் பழைய வகுப்புத் தோழிகளுடைய அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். "படகை எரித்த கயவன்" என்று மேலே சிவப்பு எழுத்தில் இருந்தது. கீழே பெயரும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, காலை பதினொரு மணிக்கு, ஒரு பெண் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மீன் கூடைக்கு வைக்கிற சும்மாடு தோளில் கிடந்தது. மடித்து மடித்துக் கிழிந்துபோன பிரிண்டை எடுத்து மேசையில் விரித்தாள்.

"இதை எடுத்தது நீங்கதானா அக்கா?"

"ஆமா. நீங்க?"

"அன்பழகன் வீட்டு ஆளு. அல்லி."

ஜோவிதாவுக்குக் கையில் இருந்த கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அல்லி அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். அன்பழகன் முன்பு அமிர்தலிங்கத்தின் படகில்தான் போய்க்கொண்டிருந்தான். போன வருடம் திருவிழாவில் வாய்ச் சண்டை வந்து வேறு படகுக்கு மாறிவிட்டான். அந்தப் பகைதான். படகு எரிந்த அன்று அவன் போலகத்தில் அவளுடைய அம்மா வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தான். அதை அவளும் சொன்னாள், அவள் அம்மாவும் வந்து சொன்னாள். பஞ்சாயத்தார் பிரிண்டைத் தூக்கிக் காட்டினார்களாம். போட்டோ இருக்கும்போது வாய்ப்பேச்சு எதுக்கு என்றார்களாம். யாரும் அவனைக் கடலுக்குச் சேர்க்கக்கூடாது, அவர்கள் வீட்டோடு யாரும் பேசக்கூடாது என்று முடிவாயிற்று. ஏலத்தில் அல்லியின் கூடைக்கு யாரும் விலை கேட்பதில்லை. மூன்று நாளைக்கு முன்னால் ஐஸ் பிளான்ட் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து அவனை அடித்து இடது கை எலும்பு முறிந்துவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

"நீங்க எங்க வீட்டுக்காரரைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"பார்க்காத ஆளோட மூஞ்சிய எப்படிக்கா எடுத்தீங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. அல்லி பிரிண்டைத் திரும்ப மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சண்டை போட வரல. தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜோவிதா ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். அந்தச் சாம்பல் படத்தைத் திறந்து, பட்டனை அழுத்த ஆரம்பித்தாள். ஒரு முகம். இன்னொரு முகம். பத்து தடவை அழுத்தினாள். பத்துப் பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவன், நெற்றியில் தழும்போடு ஒருவன், மீசை அரும்பாத ஒருவன். எல்லோரும் தெளிவாக, நேராக அவளையே பார்த்தார்கள். அத்தனை பேரும் உலகத்தில் இல்லாதவர்கள். அந்தச் சின்ன மங்கலுக்குள் இருந்தது இருபது சதுரங்கள்தான். மீதி எல்லாம் அந்த மென்பொருள் எங்கெங்கோ பார்த்து வைத்திருந்த லட்சம் முகங்களிலிருந்து கிள்ளி நிரப்பியது. பதினோராம் தடவை அழுத்தப் போன விரலை அவளே இழுத்துக்கொண்டாள். பதினோராவது ஆள் தனக்குத் தெரிந்தவனாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியதுதான் காரணம்.

வீட்டுக்குப் போய் ஆரோக்கியஜோசப்பிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"போய்ச் சொன்னா கடையைக் கொளுத்தினாலும் கொளுத்துவாங்க ஜோவி."

"தெரியுது."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நான் பதில் சொல்லலங்க."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அவரே பள்ளிக்கூட வேனை எடுத்தார். மடியில் லேப்டாப்போடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

குப்பத்து மாரியம்மன் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள். வேனை விட்டு இறங்கியபோதே பேச்சு நின்றது. தெருவில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து, வேனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "பஞ்சாயத்துல பொம்பளை வந்து என்னா பேசப்போவுது?" என்று பின்னால் ஒரு குரல். தலைவர் கையமர்த்தி, "சொல்லுங்கம்மா" என்றார்.

"நான் குடுத்த படம் பொய்" என்றாள் ஜோவிதா.

யாரோ காறித் துப்பிய சத்தம் கேட்டது. அமிர்தலிங்கம் எழுந்தார். "அவன் பொண்டாட்டி உங்க கடைக்கு வந்தாள்ல? பார்த்தவங்க சொன்னாங்க. எம்புட்டுக் குடுத்தா?"

"அண்ணே, உக்காருங்க. நான் பேச வரல. செஞ்சு காட்டத்தான் வந்தேன்."

அவள் தன் போனை எடுத்து, கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய், அமிர்தலிங்கத்தையே ஒரு படம் எடுத்தாள். அதை லேப்டாப்பில் ஏற்றி, எல்லோர் கண் முன்னாலும் சுருக்கினாள். கேமராவில் விழுந்த ஆளின் அளவுக்குச் சுருக்கினாள். கழுத்துக்கு மேலே மங்கல்தான் மிஞ்சியது. "இது அண்ணன்தானே? எல்லாரும் பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

முக்கால் நிமிடம் முழுக்கக் கடல் சத்தம் மட்டும்தான்.

அமிர்தலிங்கத்தின் நீலக் கட்டம் போட்ட சட்டை அப்படியே இருந்தது. தோளில் துண்டும் இருந்தது. அதற்கு மேலே வேறு ஒரு மனிதன் இருந்தான். நாற்பது வயது, மூக்கு நீளம், நெற்றியில் முடி. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஆள்.

ஒரு பையன் சிரித்துவிட்டு, யாரும் கூடச் சிரிக்காததால் வாயை மூடிக்கொண்டான். அமிர்தலிங்கம் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அப்ப அன்னிக்கு எங்களுக்குக் குடுத்தது?"

"நீங்க தலையாட்டுற வரைக்கும் நான் அமுக்கிட்டே இருந்தேண்ணே. மொத ரெண்டு ஆளுக்கு நீங்க தலையாட்டல. மூணாவதுக்கு ஆட்டுனீங்க. அவ்வளவுதான். அந்த மிஷினுக்கு உங்க படகைத் தெரியாது, அன்பழகனைத் தெரியாது, யாரையும் தெரியாது. தப்பு என் மேலதான்."

அன்றே தலைவர் ஊர்விலக்கை எடுத்துவிட்டார். அடித்த நாலு பேரில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்ததாகவும் கேள்வி. ஜோவிதாவும் போனாள். கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு இருந்தவனைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீசையைத் தவிர அந்தப் படத்துக்கும் இவனுக்கும் ஒற்றுமையே இல்லை. கண் வேறு, நெற்றி வேறு, காது வேறு. இதை எப்படி ஒரு ஊரே பார்த்து, இவன்தான் என்றது?

அவள் மன்னிப்புக் கேட்டாள். அன்பழகன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி அடிச்சப்ப, எனக்கே ஒரு சந்தேகம் வந்துருச்சுக்கா" என்றான். "காச்சல்ல எந்திரிச்சுப் போயிட்டேனோ, போனது ஞாபகம் இல்லையோன்னு. இன்னும் கொஞ்சம் அடிச்சிருந்தா ஆமான்னு சொல்லிருப்பேன்."

இதோடு முடிந்தது என்று ஜோவிதா நினைத்தாள். கடைக்கு வந்த முதல் வேலையாக அந்த மென்பொருளை எடுத்துவிட்டாள். இறந்தவர் படம் கேட்டு வந்தவர்களிடம், மங்கலாக இருந்தாலும் சின்னதாக ஃபிரேம் போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் அவர் முகம் என்று சொல்லிப் பார்த்தாள். பாதிப் பேர் முகம் சுளித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

பங்குனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். கனகம் வந்தாள், தனியாக. நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

"நாகப்பட்டினத்துல எங்க நாத்தனார் மவன் இருக்கான். அவன் போன்லயே இதைப் பண்ணலாமாம். கடைக்கெல்லாம் போக வேணாமாம். அந்த ஐஸ் பிளான்ட்டுப் படத்தைப் போட்டு எடுத்து அவருக்கு அனுப்பிட்டான். பாருங்க."

ஜோவிதா பார்த்தாள். இருபத்தைந்து வயதுப் பையன். நீள் முகம், மேடான கன்ன எலும்பு, இடது பக்கம் சாய்ந்த பார்வை.

"யாருக்கா இது?"

"கவியரசன்" என்றாள் கனகம். "எம் மவன்."

ஜோவிதா அந்த முகத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள்.

"இது பொய்தானே? அன்னிக்கு நீங்க வந்து காட்டினீங்கள்ல, அது மாதிரி பொய்தானே? சொல்லு தங்கச்சி."

"பொய்தாங்கா. நூத்துக்கு நூறு பொய். இன்னொருக்கா அமுக்கினா வேற ஆளு வருவான்."

"அவருக்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். தெரியுதுங்கிறாரு. ஆனா போனைக் கீழ வைக்க மாட்டேங்கிறாரு. எடுத்து எடுத்துப் பாக்குறாரு. அப்புறம் அவனைப் பாக்குறாரு. பத்து நாளா அப்பனும் மவனும் ஒரு தட்டுச் சோறு சேர்ந்து திங்கல." கனகம் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலை இறக்கினாள். "ஒண்ணு சொல்றேன். யாருக்கிட்டயும் சொல்லிடாத. அன்னிக்கு விடிகாலையில நான் எந்திரிச்சப்ப அவன் பாயி காலியா கெடந்துச்சு."

ஜோவிதா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"கரைக்குப் போயிருப்பான், அவனுக்கு வழக்கந்தான். ஒரு மாசமா நான் அதை நெனைக்கவே இல்ல. இந்தப் படம் வந்த பிறகுதான் நெனைப்பு வந்துச்சு. படகு வேணாம், வித்துட்டு என்னை வெளிநாட்டுக்கு அனுப்புன்னு அவன் தை மாசம் பூரா சண்டை போட்டதும் அப்புறந்தான் நெனைப்பு வந்துச்சு."

கேமராவின் முழுப் பதிவு கிடைத்தால் நடையை வைத்தாவது ஏதாவது சொல்லலாம் என்று ஜோவிதா காதர் பாட்சாவுக்குப் போன் செய்தாள். பதினைந்து நாளில் பழையது அழிந்து புதியது ஏறிவிடும், இப்போது அதில் ஒன்றும் இல்லை என்றார் அவர். அந்த விடிகாலையில் நடந்துபோன ஆளைப் பற்றி உலகத்தில் மிச்சம் இருந்தது இருபது சதுரங்கள் மட்டும்தான்.

கனகத்தோடு கிளம்பிப் போய் அமிர்தலிங்கத்தைப் பார்த்தாள். அவர் கரையில், எரிந்த படகின் கரிய அடிப்பாகத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அவள் மறுபடியும் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது எல்லாம் புரியுதும்மா. எனக்கே வேற தலையை வச்சுக் காட்டினீங்களே, மறக்குமா? புத்திக்குப் புரியுது. கண்ணு கேக்க மாட்டேங்குது."

"அதை அழிச்சிருங்கண்ணே."

"அழிச்சேன். ரெண்டு தடவை அழிச்சேன். நாகப்பட்டினத்து மருமவன்கிட்ட கேட்டுத் திரும்ப வாங்கிக்கிட்டேன்."

அவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குப்பத்தில் இன்னும் எத்தனை போனில் எத்தனை முகங்கள் இருக்கின்றன என்று ஜோவிதா யோசித்தாள். திரும்பி நடக்கும்போது தெருவில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் கோபம் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்கிற ஊராக அது மாறியிருந்தது. அதுதான் அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அன்பழகன் கை சேர்ந்து திரும்பவும் கடலுக்குப் போகிறான். அவனோடு ஒரே படகில் போக இன்னும் சிலர் தயங்குகிறார்களாம். கேட்டால், படம் பொய்தான், இருந்தாலும் என்கிறார்களாம். அல்லி இப்போது மீனைப் பட்டினத்தில் போடுவதில்லை. காரைக்கால் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறாள். வழியில் பார்த்தால் ஜோவிதாவுக்குத் தலையசைப்பாள், நிற்க மாட்டாள்.

வைகாசியில் ஒரு காலை, கடை திறந்ததும் கவியரசன் வந்தான். கையில் ஏஜென்ட் கொடுத்த தாள் இருந்தது. வெளிநாட்டுக் கப்பலில் வேலை, பாஸ்போர்ட் படம் வேண்டும்.

"உக்காருங்க தம்பி."

வெள்ளைத் திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான். விளக்கைப் போட்டு இரண்டு படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவன் முகம் திரை நிறைய விரிந்தது. அது நல்ல கேமரா. ஒவ்வொரு ரோமமும், மூக்கின் மேல் இருந்த சின்ன அம்மைத் தழும்பும், கீழுதட்டு வெடிப்பும் தெரிந்தன. எதையும் யாரும் நிரப்ப வேண்டியதில்லை. அவன் நாற்காலியை விட்டு எழுந்துவந்து அவள் பின்னால் நின்று தன்னையே பார்த்தான்.

"அக்கா, நான் அது மாதிரியா இருக்கேன்?"

ஜோவிதாவுக்கு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் உடனே இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகம் எப்படி வந்தது என்று அந்த வட்டாரத்திலேயே அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் வாய் திறப்பதற்கு முன்னால் கண் திரைக்குப் போய்விட்டது. கன்ன எலும்புக்குப் போனது. இடது பக்கம் சாய்ந்த பார்வைக்குப் போனது. கனகத்தின் போனில் பார்த்ததைப் பக்கத்தில் வைத்து அது ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு விநாடியோ மூன்று விநாடியோ இருக்கும்.

"இல்லப்பா" என்றாள்.

கவியரசன் அவளைப் பார்த்தான். பிறகு எட்டுப் படங்களையும் கவரில் போட்டு வாங்கிக்கொண்டு, "நீங்களுமா அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.